‘ரிலீஸ்’ என்று வந்தால் தமிழில் என்ன எழுதுவது? மேட்டூர் மதகு முதல் ஜாமீன் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் தஞ்சாவூரில் எங்கள் பத்திரிகை டெஸ்க்குக்கு வரும் ஆங்கிலக் காப்பிகளில், அதாவது செய்தி வரைவுகளில், ‘ரிலீஸ்’ என்ற சொல் இல்லாத காப்பியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேட்டூரில் தண்ணீர் ரிலீஸ், கலெக்டர் ஆபீஸிலிருந்து பிரஸ் ரிலீஸ், பயிர்க் காப்பீட்டுக்கு ஃபண்ட் ரிலீஸ், இலங்கைச் சிறையிலிருந்து நாகை மீனவர்கள் ரிலீஸ், வெள்ளிக்கிழமை ஆனால் படம் ரிலீஸ். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு ஒரே சொல் போதும். யாரோ பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்றை விட்டாகிவிட்டது, அவ்வளவுதான். நமக்கு அது போதாது. தண்ணீரைத் திறக்கிறோம், கைதியை விடுதலை செய்கிறோம், புத்தகத்தை வெளியிடுகிறோம், புறாவைப் பறக்கவிடுகிறோம், பிரேதத்தை ஒப்படைக்கிறோம், அடகு வைத்த நகையைத் திருப்புகிறோம். எதை விடுகிறோம் என்று தெரியாதவரை தமிழில் வினைச்சொல்லே அகப்படாது.

புதிதாக வருகிறவர்கள் அகராதியைப் புரட்டி, முதலில் கண்ணில் படும் ‘விடுவி’யை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். “பாசனத்துக்காகத் தண்ணீர் விடுவிக்கப்பட்டது” என்று எழுதிக் கொடுத்த காப்பியைப் பார்த்துவிட்டு ஒரு மூத்த சப் எடிட்டர், “ஏம்ப்பா, தண்ணி என்ன கேஸ்ல உள்ள இருந்துச்சா?” என்று கேட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, ஒரு வாரத்துக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீருக்கு ஜாமீன் கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாரத்தில் கற்றதும், அப்புறம் அடிபட்டுக் கற்றதும்தான் கீழே இருப்பது.

படி 1: எழுதும் முன் நாலு கேள்வி

காப்பியில் ‘ரிலீஸ்’ வந்ததும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். எது விடப்பட்டது? யார் கையில் இருந்தது? விட்ட பிறகு எங்கே போகிறது? நான்காவது கேள்விதான் பெரும்பாலோர் கேட்காதது: இதோடு சங்கதி முடிந்ததா, இல்லை பாதியில் நிற்கிறதா? ஜாமீனில் வந்தவர் மேல் வழக்கு அப்படியேதான் இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்னும் கல்லணைக்கே வரவில்லை. அரசு கொடுத்த பணம் விவசாயி கணக்கில் ஏறவில்லை. ஆங்கிலச் சொல் இந்த மூன்றையும் ஒரே மாதிரி ‘ஆகிவிட்டது’ என்று காட்டும். வாசகருக்குத் தேவையானதோ எதுவரை ஆகியிருக்கிறது என்பது.

இந்த நாலுக்கும் காப்பியில் பதில் இல்லையென்றால் அது மொழிபெயர்ப்புப் பிரச்சினை அல்ல. அந்த நிருபருக்குப் போன் போடுங்கள்.

படி 2: தலைப்பில் காலம் பார்க்கவும்

ஆங்கிலத் தலைப்புக்கு என்று ஒரு தனி இலக்கணம் உண்டு, பள்ளிக்கூடத்தில் படித்தது அங்கே செல்லாது. ‘கர்நாடகா ரிலீசஸ் வாட்டர்’ என்று நிகழ்காலத்தில் இருந்தால் நடந்து முடிந்துவிட்டது என்று பொருள். ‘கர்நாடகம் தண்ணீர் திறந்தது’. ‘கர்நாடகா டு ரிலீஸ் வாட்டர்’ என்றால் இனிமேல்தான். ‘திறக்கிறது’, ‘திறக்க உள்ளது’. ‘வாட்டர் ரிலீஸ்டு’ என்று வெறுமனே இருந்தால் செயப்பாட்டு வினை, யார் திறந்தார்கள் என்பதை உள்ளே போய்த் தேட வேண்டும். ‘கர்நாடகா டோல்டு டு ரிலீஸ்’ என்றால் ஒரு சொட்டுகூட இன்னும் நகரவில்லை, யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே.

அந்த ‘டு’வைக் கவனிக்காமல் விட்டால் நாளை நடக்க வேண்டியதை நேற்றே நடத்திவிடுவோம். காவிரி விஷயத்தில் இது சின்னப் பிழை இல்லை. 2023 ஆகஸ்ட் 29 அன்று காவிரி மேலாண்மை ஆணையம் 15 நாளுக்கு விநாடிக்கு 5,000 கனஅடி வீதம் தண்ணீர் திறக்கச் சொன்னது. அது உத்தரவு. முந்தைய நாள் ஒழுங்காற்றுக் குழு சொன்னது பரிந்துரை. திறப்பு என்பது மூன்றாவது சங்கதி. இந்த மூன்றையும் ‘தண்ணீர் திறப்பு’ என்று ஒரே தலைப்பில் அடைத்தால், திருவாரூர்ப் பக்கம் ஒருவர் அதைப் படித்துவிட்டு நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட்டுவிடுவார்.

படி 3: தண்ணீர் (இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்போம்)

டெல்டாவில் இருந்துகொண்டு இதில் தப்பு செய்தால் மன்னிப்பு கிடையாது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, என்ன மாதிரித் தண்ணீர். பாசனத்துக்காக மதகைத் தூக்கினால் ‘திறப்பு’. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி, வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்க வழியில்லாமல் 16 கண் மதகு வழியாக விட்டால் அது ‘உபரிநீர் வெளியேற்றம்’. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ரிலீஸ்தான். ஆனால் முதலாவது குறுவைக்கு நல்ல சேதி, இரண்டாவது கரையோரத்துக்கு வெள்ள அபாய எச்சரிக்கை. முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் விடுகிறார்கள் என்று வந்தால் பாசனம் என்ற வார்த்தை பக்கத்திலேயே வரக்கூடாது. கொள்ளிடத்தில் போவது பெரும்பாலும் கடலுக்குப் போகிற தண்ணீர், ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டச் சொல்கிற செய்தி அது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் உடைந்துபோனபோது அந்த வழியாகப் போனதை எந்தக் கணக்கிலும் ‘திறப்பு’ என்று எழுத முடியாது. யாரும் திறக்கவில்லை, தண்ணீர் தானாக வெளியேறியது. ஆள் செய்தது எது, தானாக நடந்தது எது என்று பிரித்துக் காட்ட நம் வினைச்சொற்களுக்குத் தெரியும். திற, திறந்துகொள், வெளியேற்று, வெளியேறு என்று கையில் வைத்திருக்கிறோம், பயன்படுத்தத்தான் மாட்டேன் என்கிறோம்.

இரண்டாவது, எங்கே திறந்தது. மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2022இல் மே 24க்கே திறந்தார்கள், 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது. மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே மறுபடி ஒரு திறப்பு. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுவார்கள். கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூரில் யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை, புது ஆறு என்றுதான் சொல்வார்கள். உள்ளூர்ப் பதிப்பு என்றால் தாராளமாக அப்படியே எழுதலாம். அந்தப் புது ஆற்றுத் தண்ணீர் பேராவூரணிப் பக்கம் கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் இங்கே தஞ்சாவூரில் அந்தச் செய்தியையே மறந்திருப்போம்.

என் பெரியப்பா அந்தக் கடைமடையில்தான் விவசாயம் பார்க்கிறார். ஒரு வருஷம் ‘டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் வந்தது’ என்று நான் வைத்த தலைப்பைப் படித்துவிட்டுக் காலை ஆறரைக்குப் போன் செய்தார். “ஏம்ப்பா, தண்ணி வந்துட்டுதுன்னு பேப்பர்ல போட்ருக்கியே, நான் வாய்க்கால்லதான் நிக்கிறேன், செருப்பு நனையல” என்றார். ஆங்கிலக் காப்பியில் இருந்தது மேட்டூரில் திறந்தார்கள் என்பது மட்டுமே. ‘ரிலீஸ்டு ஃபார் டெல்டா இரிகேஷன்’ என்பதில் இருந்த ‘ஃபார்’ஐ நான் ‘வந்தது’ என்று ஆக்கிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: தண்ணீர்ச் செய்தியில் திறந்த இடத்தின் பெயர் முதல் வரியிலேயே வந்தாக வேண்டும். ‘மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு’. அது கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும்.

இதே மாதிரி ஒன்று கர்நாடக எல்லையிலும் இருக்கிறது. கே.ஆர்.எஸ்., கபினி அணைகளில் திறப்பது வேறு, பிலிகுண்டுலுவில் அளப்பது வேறு. நடுவில் மழை பெய்தால் அளவு கூடும். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று சொன்ன ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்பது பிலிகுண்டுலுவில் நமக்குக் கிடைக்க வேண்டிய அளவு. அதற்கு முன் 2007இல் நடுவர் மன்றம் சொன்னது 192. எனவே ‘கர்நாடக அணைகளிலிருந்து 177.25 டிஎம்சி திறக்க வேண்டும்’ என்று எழுதினால் கணக்கு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. ‘பிலிகுண்டுலுவில் கிடைக்கும்படி’ என்று ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது, வேகமா அளவா. இதுதான் தினமும் நடக்கிற பிழை. ‘10,000 கனஅடி தண்ணீர் திறப்பு’ என்று போடுகிறோம். ஒரு கனஅடி என்பது சுமார் 28.3 லிட்டர். அப்படியானால் 10,000 கனஅடி என்பது ஏறக்குறைய 2.83 லட்சம் லிட்டர், 10,000 லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரியில் 28 லாரித் தண்ணீர். அதை வைத்து டெல்டாவில் ஒரு தெருவைக்கூட நனைக்க முடியாது. காப்பியில் ‘க்யூசெக்ஸ்’ என்று இருப்பது விநாடிக்கு இத்தனை கனஅடி என்ற வேகம். அதனால் ‘விநாடிக்கு 10,000 கனஅடி வீதம்’. இடமில்லை, தலைப்பில் அடங்கவில்லை என்று ‘விநாடிக்கு’வை வெட்டுவார்கள். சரி, தலைப்பில் வெட்டுங்கள், முதல் வரியில் அது இருந்தே தீர வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு கையில் வைத்துக்கொண்டால் எந்தக் காப்பியையும் சோதித்துவிடலாம். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆக விநாடிக்குச் சுமார் 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. மேலே சொன்ன 5,000 கனஅடி, 15 நாள் என்பதைப் பெருக்கிப் பார்த்தால் 6.48 டிஎம்சி வரும். ஆகஸ்ட் மாதம் முழுக்கப் பிலிகுண்டுலுவில் கிடைக்க வேண்டியது 45.95 டிஎம்சி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே எதற்காகச் சண்டை என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும், நாம் தனியாகப் பத்தி எழுத வேண்டாம்.

இன்னொன்று. ‘திறப்பு’க்கு ரிப்பன் வெட்டுகிற அர்த்தமும் இருக்கிறது. ‘தடுப்பணை திறப்பு’ என்றால் புதிதாகக் கட்டித் திறந்துவைத்தார்களா, மதகைத் தூக்கினார்களா? விழா என்றால் ‘திறப்பு விழா’ என்றோ ‘திறந்துவைத்தார்’ என்றோ எழுதுங்கள், தண்ணீர் என்றால் தண்ணீரைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: ஆள்

தண்ணீரில் தப்பு செய்தால் பெரியப்பா திட்டுவார். ஆள் விஷயத்தில் தப்பு செய்தால் வக்கீல் நோட்டீஸ் வரும். இங்கே குழப்பத்துக்குக் காரணம் ஆங்கிலம் மட்டும் இல்லை, நம்முடைய ‘விடுதலை’யும்தான். அது ரொம்பப் பெரிய மனசுள்ள சொல். நாட்டுக்கும் அதுதான், கைதிக்கும் அதுதான், நீதிமன்றம் குற்றமற்றவர் என்று சொன்னாலும் அதுதான். போதாததற்குச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரத்துக்கும் பெயர் விடுதலைப் பத்திரம். ஆகவே ‘ரிலீஸ்டு’ என்று கண்டதும் ‘விடுதலை’ என்று போட்டால், ஜாமீனில் வெளியே வந்தவரை வாசகர் நிரபராதி என்று நினைத்துக்கொள்வார்.

நான் பின்பற்றுவது இது. ஜாமீன் என்றால் ‘ஜாமீனில் வெளியே வந்தார்’. அதிலும் ஒரு படி கவனம்: நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த அன்றே ஆள் வெளியே வந்துவிடுவதில்லை, ஜாமீன்தாரர்கள் வர வேண்டும், உத்தரவு திருச்சி மத்திய சிறைக்கோ எங்கேயோ போய்ச் சேர வேண்டும். ‘ஜாமீன் கிடைத்தது’ ஒரு செய்தி, ‘வெளியே வந்தார்’ இன்னொரு செய்தி. விசாரணை முழுவதும் நடந்து குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தால் அதற்கு ஆங்கிலத்தில் ‘அக்விட்டல்’ என்ற தனிச்சொல் உண்டு, அங்கே ‘விடுதலை’யைத் தாராளமாகப் போடுங்கள். குற்றச்சாட்டு பதிவாவதற்கு முன்பே ஆதாரம் போதாது என்று பெயரை எடுத்துவிட்டால் அது ‘டிஸ்சார்ஜ்’, ‘வழக்கிலிருந்து விடுவிப்பு’. இதே ‘டிஸ்சார்ஜ்’ ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்புவதற்கும், ஆற்றில் தண்ணீர் ஓடும் அளவுக்கும் வரும் என்பதால் அதற்கு ஒரு தனி வழிகாட்டி எழுத வேண்டியிருக்கும். அண்ணா பிறந்த நாளையொட்டி நீண்ட காலம் சிறையில் இருப்பவர்களை அரசு அனுப்பினால் ‘முன்கூட்டியே விடுதலை’. அவர்கள் மேல் இருந்த தீர்ப்பு மாறவில்லை, தண்டனை நாள்தான் குறைந்தது. சில நாள் வெளியே வந்து திரும்பிப் போக வேண்டியவர்களுக்கு ‘பரோல்’ என்றே எழுதலாம், எல்லோருக்கும் தெரிந்த சொல்.

காலையில் மறியல், மதியம் கல்யாண மண்டபத்தில் சாம்பார் சாதம், சாயங்காலம் வீடு. டெல்டாவில் இப்படி வாழ்நாளில் பத்துத் தடவை கைதாகாத விவசாயிகள் சங்கத்துக்காரர் அபூர்வம். இதற்கு ‘விடுதலை’ என்று போட்டால் சிரிப்பார்கள். ‘கைது செய்யப்பட்டு மண்டபத்தில் வைக்கப்பட்டவர்கள் மாலையில் விடுவிக்கப்பட்டனர்’ என்பது போதும். விசாரிக்கக் கூப்பிட்டுவிட்டு அனுப்பினால் ‘விசாரணைக்குப் பின் அனுப்பிவைக்கப்பட்டார்’. அவர் கைதே ஆகவில்லை, அப்புறம் எங்கிருந்து விடுதலை?

மீனவர் செய்திகளில் ஒரு கண்ணி இருக்கிறது. இலங்கைக் கடற்படை பிடித்த நாகை, காரைக்கால் மீனவர்களை அங்குள்ள நீதிமன்றம் விடுவித்தது என்று காப்பி வரும். விடுவித்த அன்றே அவர்கள் அக்கரைப்பேட்டையில் வந்து இறங்குவதில்லை. முகாமில் இருந்து, காகிதங்கள் தயாராகி, கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து வண்டியில் ஊருக்கு வருவார்கள். ஆக ‘விடுதலை’ ஒன்று, ‘ஊர் திரும்பினர்’ ஒன்று. பல சமயம் ‘ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையுடன்’ விடுதலை என்று இருக்கும், அதை வெட்டவே கூடாது. மறுபடி அதே கடலில் பிடிபட்டால் அந்தத் தண்டனை உயிர்பெறும். படகு பெரும்பாலும் திரும்பி வராது, நாட்டுடைமை ஆகிவிடும். மீனவர் தெருவில் இந்தச் செய்தியைப் படிக்கிறவர்களின் இரண்டாவது கேள்வி “போட்டு?” என்பதுதான். ஆங்கிலக் காப்பி அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், கேட்டு ஒரு வரி சேருங்கள்.

படி 5: பணம்

என் பெரிய பிழை இங்கே நடந்தது. பயிர்க் காப்பீட்டுக்கு மாநில அரசு இத்தனை கோடி ரிலீஸ் செய்தது என்று ஒரு காப்பி. நான் ‘பயிர்க் காப்பீட்டுத் தொகை விடுவிப்பு’ என்று தலைப்பு வைத்தேன். மறுநாள் காலையில் கூட்டுறவு கடன் சங்கத்து வாசலில் பாஸ்புத்தகத்தோடு ஆட்கள். உண்மையில் அரசு விட்டது பிரீமியத்தில் தன்னுடைய பங்கு, அது போனது காப்பீட்டு நிறுவனத்துக்கு. இழப்பீடு என்பது மகசூல் கணக்கு முடிந்து அப்புறம் வருகிற வேறு பணம். சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அன்று பூராவும் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பார் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அரசுப் பணம் படிப்படியாக நகரும், ஒவ்வொரு படிக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல், தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘ஒதுக்கீடு’ என்று ஒரே தட்டில் போட்டுவிடுகிறோம். சட்டசபையில் சொன்னால் அறிவிப்பு. அரசாணை வந்தால் நிர்வாக ஒப்புதல். இந்தத் துறைக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஒதுக்கீடு. அந்தத் துறை எடுத்துச் செலவழிக்கலாம் என்று கையில் கொடுத்தால் அதுதான் விடுவிப்பு, அதுதான் ‘ரிலீஸ்’. அதன் பிறகு பட்டுவாடா. கடைசியில் விவசாயியின் செல்போனில் குறுஞ்செய்தி வந்தால் ‘வரவு’. ‘விடுவிப்பு’ என்று எழுதும்போது யாருக்கு விடுவிப்பு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்: ‘காப்பீட்டு நிறுவனத்துக்கு’, ‘மாவட்ட நிர்வாகத்துக்கு’, ‘விவசாயிகளின் வங்கிக் கணக்குக்கு’. இந்த ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அன்று அந்த வாசலில் கூட்டம் இருந்திருக்காது.

அடகு நகை வந்தால், வங்கி ‘விடுவித்தது’ என்று எழுதாதீர்கள். நகை வைத்தவர் பக்கம் நின்றால் ‘மீட்டார்’ அல்லது ‘திருப்பினார்’, வங்கி பக்கம் நின்றால் ‘திருப்பிக் கொடுத்தது’. மணல் அள்ளிப் பிடிபட்ட லாரி, மாட்டுவண்டி என்றால் ‘விடுவிப்பு’ சரி, அபராதம் கட்டி விட்டார்களா நீதிமன்றம் சொல்லி விட்டார்களா என்பதையும் சேர்த்தால்.

படி 6: மிச்சம் மீதி, வேகமாக

பிரஸ் ரிலீஸ் என்பது செய்திக்குறிப்பு. அரசு தன் தாளில் ‘செய்தி வெளியீடு’ என்று போட்டுக்கொள்ளும், நாம் ‘கலெக்டர் வெளியிட்ட செய்திக்குறிப்பில்’ என்று எழுதலாம். அரசியல் தலைவர் விடுவது அறிக்கை. ஆய்வுக் குழு கொடுப்பதும் அறிக்கை என்பதால் இரண்டும் ஒரே செய்தியில் வந்தால் ‘ஆய்வறிக்கை’ என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

புத்தகம், தபால் தலை, தேர்வு முடிவு எல்லாம் வெளியீடு. சினிமாவுக்கு ‘ரிலீஸ்’ என்றே விட்டுவிடுங்கள், அது தமிழாகி ரொம்ப நாள் ஆயிற்று, தியேட்டர் வாசலில் நிற்கிற பையனிடம் ‘திரையீடு’ என்று சொன்னால் வேறு ஏதோ என்று நினைப்பான். கிரிக்கெட் அணி ஒரு வீரரைக் கழற்றிவிட்டால் ‘விடுவிப்பு’. ‘கழற்றிவிட்டது’ என்பது சுவையாக இருக்கும், ஆனால் அவர் ரசிகர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

நெல் ரகம் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏடிடி 36, ஏடிடி 43 மாதிரி ரகங்களைப் பல்கலைக்கழகம் ‘ரிலீஸ்’ செய்தது என்று வரும். ‘புதிய ரகம் வெளியீடு’ சரிதான், ஆனால் வெளியிட்ட மறுநாள் விதை கடையில் கிடைக்காது. விதைப் பெருக்கம் நடந்து கைக்கு வரக் காலம் பிடிக்கும். விதை எப்போது கிடைக்கும் என்று ஒரு வரி இல்லாத ரகச் செய்தி விவசாயிக்குப் பாதிச் செய்தி.

உயிர்களுக்கு வெறும் ‘விடு’ போதும். நாகை கடற்கரையில் ஆமைக் குஞ்சுகள் கடலில் விடப்பட்டன, காவிரியில் மீன் குஞ்சுகள் விடப்பட்டன, பிடிபட்ட பாம்பு காட்டில் விடப்பட்டது. மீன்வளத்துறைத் தாளில் ‘இருப்புச் செய்யப்பட்டன’ என்று இருக்கும், அதை அப்படியே எடுத்துப் போட்டால் குஞ்சுகள் குடோனில் இருப்பது போலத் தோன்றும். இறந்தவரின் உடல் என்றால் ‘உறவினர்களிடம் ஒப்படைக்கப்பட்டது’, வேறு எந்தச் சொல்லும் வேண்டாம்.

வாயு, எண்ணெய், கழிவு என்று வந்தால் சந்தேகப்படுங்கள். நெல் வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மீத்தேன் ‘வெளியாகிறது’, அது இயற்கையாக நடப்பது. ஆலை கழிவுநீரை ஆற்றில் ‘விடுகிறது’ அல்லது ‘கலக்கிறது’, அது ஆள் செய்வது. குழாய் ஓட்டையாகி வந்தால் ‘கசிவு’. 2017இல் கதிராமங்கலத்தில் குழாயிலிருந்து எண்ணெய் வெளியே வந்ததைக் கசிவு என்றுதான் ஊர் சொன்னது. இந்த மாதிரி இடங்களில் ‘ஆக்சிடென்டல் ரிலீஸ்’ என்று அலுவலக மொழியில் பூசி மெழுகி வரும். அதை ‘தற்செயலான வெளியீடு’ என்று தமிழாக்கினால் யாரோ நூல் வெளியீட்டு விழா நடத்தியது மாதிரி ஆகிவிடும்.

படி 7: ஒன்றைச் செய்து பார்ப்போம்

பயிற்சிக்காக நானே தயாரித்து வைத்திருக்கும் ஒரு பத்தி இது, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே கொடுப்பேன். ஆங்கிலத்தில் அதன் சாரம் இப்படி இருக்கும்: கலெக்டர் ரிலீஸ் செய்த பிரஸ் ரிலீஸில், கல்லணையிலிருந்து 3,000 க்யூசெக்ஸ் ரிலீஸ் ஆனது என்றும், வாய்க்கால் தூர்வார ஃபண்ட் ரிலீஸ் ஆகிவிட்டது என்றும், மறியலில் கைதான விவசாயிகள் ரிலீஸ் ஆனார்கள் என்றும் இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் ஐந்து ரிலீஸ்.

முதல் தடவை எல்லோரும் எழுதுவது: ‘கலெக்டர் வெளியிட்ட செய்தி வெளியீட்டில், கல்லணையிலிருந்து 3,000 கனஅடி தண்ணீர் விடுவிக்கப்பட்டுள்ளதாகவும், நிதி விடுவிக்கப்பட்டுள்ளதாகவும், விவசாயிகள் விடுதலை செய்யப்பட்டுள்ளதாகவும் தெரிவிக்கப்பட்டுள்ளது.’ எல்லாச் சொல்லும் தமிழ்தான், படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் நாலு கேள்வியைக் கேட்கச் சொல்வேன். எந்த ஆற்றில், வேகம் எவ்வளவு? பணம் யார் கையில்? விவசாயிகள் மண்டபத்திலிருந்தா, சிறையிலிருந்தா? பதில் கிடைத்த பிறகு அதே பையனோ பெண்ணோ எழுதுவது ஏறக்குறைய இப்படி வரும்: ‘கல்லணைக் கால்வாயில் விநாடிக்கு 3,000 கனஅடி வீதம் தண்ணீர் திறக்கப்பட்டுள்ளது. வாய்க்கால்களைத் தூர்வாருவதற்கான பணம் நீர்வளத் துறைக்கு வந்துவிட்டது, வேலை இன்னும் தொடங்கவில்லை. மறியலில் கைதாகி மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்த விவசாயிகள் மாலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர் என்று கலெக்டர் அலுவலகச் செய்திக்குறிப்பு கூறுகிறது.’

கவனித்தால் இதில் ‘விடுவிப்பு’ என்ற சொல்லே இல்லை, ‘வேலை இன்னும் தொடங்கவில்லை’ என்று மூலத்தில் இல்லாத ஒன்று போன் போட்டுக் கேட்டதால் வந்து சேர்ந்திருக்கிறது. மூலத்தைவிட நீளம் கூடியிருக்கிறது என்று பக்கம் அமைப்பவர் முனகுவார். அவரிடம் ‘தெரிவிக்கப்பட்டுள்ளது’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’ இரண்டையும் அந்தப் பக்கம் முழுக்கத் தேடி வெட்டச் சொல்லுங்கள், ஆறு வரிக்காவது இடம் கிடைக்கும்.